காலி டிவி சேனலில் கிராமத்துக்கு இணையம்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் வர்ஜீனியாவின் மலையடிவார ஊரான கிளாட்வில்லில் 2009-லேயே காலி டிவி சேனல், அதாவது அந்தப் பகுதியில் எந்த டிவி நிலையமும் பயன்படுத்தாத அலைவரிசை வழியாக இணையம் கொடுத்துக் காட்டிவிட்டார்கள். இருந்தும் புதிதாக வருகிறவர்கள் அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். கனெக்டரைச் சரியாக முறுக்காதது, கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் முதல் மழையே கற்றுக்கொடுத்துவிடும்.

பட்டியலில் காலி என்றால் காற்றிலும் காலி என்று நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இணையம் அனுப்பும் ரேடியோ கருவி தன் இருப்பிடத்தைச் சொல்லி, எங்கே எந்தச் சேனல் காலி என்று பட்டியல் வைத்திருக்கும் தரவுத்தளத்தைக் கேட்கும். எந்தச் சேனலில், எவ்வளவு சக்தியில் அனுப்பலாம் என்று பதில் வரும். நீங்கள் அனுப்பினால் டிவி பார்ப்பவருக்குத் தொல்லையா என்பதற்கு மட்டுமே அது பதில். உங்கள் ரிசீவரின் காதில் என்ன விழும் என்பது அதன் கவலையே இல்லை.

பெரிய டிவி நிலையங்கள் லட்சக்கணக்கான வாட்டில் அனுப்புகின்றன. அமெரிக்க விதிப்படி நமக்கு 4 வாட். நெருக்கடி குறைந்த பகுதிகளில் 16 வாட் வரை. ஆன்டெனாவை உயர்த்த உயர்த்த, வாடிக்கையாளர் வீட்டோடு சேர்த்து மலைக்கு அப்பால் இருக்கும் நிலையமும் அதற்குத் தெரிய ஆரம்பிக்கும். அந்த நிலையத்தைப் பார்ப்பவர்களுக்குத் தொல்லை வராமல் காக்கும் எல்லை முன்பே முடிந்துவிட்டதால் பட்டியல் 'காலி' என்கிறது. ஆனால் அதன் மிச்சசொச்சமே வீட்டிலிருந்து வரும் மெலிந்த சிக்னலை அமுக்கிவிடும்.

ஒரு குழு, பெயர் வேண்டாம், பட்டியலைப் பார்த்த கையோடு டவர் ஒப்பந்தம் போட்டு வீடுகளில் முன்பணமும் வாங்கிவிட்டது. டவுன்லோட் பிரமாதம், அப்லோட் படுத்துவிட்டது. ரேடியோ மோசம் என்று மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். கடைசியில் எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை மேலே ஏற்றிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆன்டெனாவைக் கொஞ்சம் இறக்கி, ஃபில்டர் போட்டதும் சரியானது. அதற்குள் பாதிப் பேர் செயற்கைக்கோள் இணைப்புக்கே திரும்பியிருந்தார்கள்.

கையெழுத்துக்கு முன்பே அளந்துவிடுங்கள். தரையில் நின்று அளப்பது வீண்வேலை. ஆன்டெனா நிற்கப்போகும் உயரத்தில், எல்லாத் திசையிலும், ஆன்டெனாவைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் வைத்துப் பாருங்கள். விடியற்காலையில் ஒருமுறை கட்டாயம். தூரத்து நிலையங்கள் எட்டிப் பார்க்கும் நேரம் அது.

வேகத்தை வாரி வழங்குவதாக வாக்குக் கொடுப்பது

அமெரிக்காவில் ஒரு சேனல் 6 மெகாஹெர்ட்ஸ்தான், அதையும் ஊரே பகிர வேண்டும். மகாராஷ்டிராவின் பால்கர் பகுதியில் ஐஐடி பம்பாய் குழு இந்த அலையை இணையத்தைக் கிராமம் வரை கொண்டுவர மட்டும் பயன்படுத்தியது, ஊருக்குள் வைஃபை.

மரம்

இந்த அலை மரத்தைத் தாண்டும். குறுக்கே நிற்கும் மலையைத் தாண்டாது.

ஆன்டெனா அளவு

500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 60 சென்டிமீட்டர். கைக்கடக்கமான ஆன்டெனா கிடைக்காது, கம்பத்தைக் காற்றுக்குத் தாங்கும்படி நடுங்கள்.

இருப்பிடத்தை உத்தேசமாகப் பதிவது

தரவுத்தளத்தில் பொய்யான இருப்பிடங்கள் கிடக்கின்றன என்று 2015-ல் அமெரிக்க ஒளிபரப்பாளர் சங்கம் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் புகார் கொடுத்தது. அப்புறம் நிலையான கருவிகளுக்குக் கையால் இருப்பிடத்தைப் பதியும் வழியை அடைத்துவிட்டார்கள். பழைய ரேடியோ மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் முன், அதில் ஜிபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.