கன்ட்ரோலரைத் தொடாமல் கேம் ரசிகராக இருப்பது எப்படி: மலையில் இருப்பவர்களுக்கான கையேடு

"நீதான் விளையாடறதே இல்லையே, அப்புறம் என்ன ரசிகர்?" என்று கேட்பவர்களுக்கு ஊட்டியிலேயே பதில் இருக்கிறது. ஸ்நூக்கர் ஆட்டத்தின் விதிகளை நெவில் சேம்பர்லெய்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1880-களில் ஊட்டி கிளப்பில்தான் எழுதி வைத்தார். இன்று டிவியில் ஸ்நூக்கரைக் கண் கொட்டாமல் பார்ப்பவர்களில் பலர் கியூ குச்சியைக் கையில் பிடித்ததில்லை. ஆனாலும் அடுத்து எந்தப் பந்தை அடிப்பார், அடித்த பிறகு வெள்ளைப் பந்து எங்கே வந்து நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். வீடியோ கேமுக்கும் இதே அளவுகோல்தான். திரையில் நடப்பது ஏன் நடக்கிறது என்று உங்களுக்குப் புரிந்தால் நீங்கள் ரசிகர். அந்தப் பார்வையைப் பழக்கிக்கொள்ளலாம். நீலகிரியிலும் பழனி மலையிலும் கிடைக்கிற நெட்டையும் கரண்டையும் வைத்துக்கொண்டே பழக்கிக்கொள்ளலாம்.

முதலில் எதைப் பார்ப்பது

மற்றவர்கள் ஆடிப் பதிவேற்றிய வீடியோக்கள் யூடியூபில் கிடைக்கும். 'வெண்பா'வில் தொடங்குங்கள். 2023-ல் வந்த கேம். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, 1980-களின் கடைசியில் ஆரம்பிக்கிறது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது இதற்குக் கிடைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் முழுவதையும் பார்த்துவிடலாம். அம்மாவின் பழைய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும். விட்டுப்போன வரிகளை ஆடுகிறவர் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லி கட்டம் வரும்போது வீடியோவை நிறுத்துங்கள். மேல் தட்டின் குழி கீழ்த் தட்டில் இருக்கும் இட்லியின் மேல் உட்கார்ந்தால் இட்லி நசுங்கும் என்பது அடுப்படியில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு வருஷம் கேம் ஆடிப் பழகியவர் தடுமாறும் இடத்தில், கேமே ஆடாத நீங்கள் விடையைச் சொல்லிவிடுவீர்கள். இந்த அனுபவம் முதல் நாளே கிடைப்பது நல்லது.

தேடும்போது கேமின் பெயரோடு 'நோ கமென்டரி' அல்லது 'லாங்ப்ளே' என்று சேர்த்துத் தேடுங்கள். இல்லையென்றால் மூலையில் ஒருவர் முகம் வைத்துக் கத்தும் வீடியோக்கள்தான் முதலில் வரும். கத்தல் பிடிக்கலாம், தப்பில்லை. ஆனால் முதல் முறை கேமின் சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது 2012-ல் வந்த 'ஜர்னி'. இரண்டு மணி நேரம், ஒரு வார்த்தை வசனம் கிடையாது. மொழி தெரியாத குறையே வராது.

ஒரு எச்சரிக்கை. 2018-ல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' மாதிரித் துப்பறியும் கேம்களை ஒருமுறைதான் அனுபவிக்க முடியும். கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆனது என்று கண்டுபிடிப்பதுதான் ஆட்டமே. என்றாவது நீங்களே ஆடிப் பார்க்கும் எண்ணம் துளி இருந்தாலும் இதைப் பார்க்காதீர்கள். விடை தெரிந்த பிறகு அதில் மீதி எதுவும் இருக்காது.

நெட்: எந்தத் தரம் எதற்கு

தோராயக் கணக்கு இது. 480பி-யில் ஒரு மணி நேரம் பார்த்தால் அரை ஜிபி போகும். 720பி-யில், அதுவும் நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்றால், ஒன்றரை ஜிபிக்கு மேல். தினம் 1.5 ஜிபி கிடைக்கும் மொபைல் பேக்கில் 480பி-யில் ஒரு படத்தின் நீளத்துக்குப் பார்க்கலாம். 720பி-யில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கதை கேமுக்கு 480பி போதும். எழுத்து நிறைய வரும் கேமுக்குப் போதாது, எழுத்து கரைந்துவிடும். துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களுக்கு 720பி-யில் 60 ஃபிரேம் வேண்டும். மேல் மூலையில் யார் யாரைச் சுட்டார் என்று ஓடும் வரிகளும் சின்ன மேப்பும் இல்லாமல் அந்த ஆட்டத்தில் எதுவும் புரியாது.

கேமில் மழையோ பனித்துகளோ உதிரும் இலைகளோ வந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். உங்கள் போனில் கோளாறு இல்லை. முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்பித்தான் வீடியோவைச் சுருக்குகிறார்கள். மழையில் திரை முழுக்க மாறிக்கொண்டே இருப்பதால் அனுப்ப வேண்டியது குவிந்துவிடுகிறது. அந்தக் காட்சிக்கு மட்டும் தரத்தை ஒரு படி ஏற்றுங்கள், முடிந்ததும் இறக்குங்கள்.

மன்னவனூர், பூம்பாறை, குந்தா பக்கம் மலை மறைப்பில் சிக்னல் ஒரு ஜன்னலில் வரும், அடுத்த ஜன்னலில் வராது. போனை அந்த ஜன்னலோரம் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு, உள்ளே வேறு கருவியில் பாருங்கள். லைவ் சுற்றிக்கொண்டே நின்றால், யூடியூபில் ஒரு நிமிஷம் பின்னால் இழுத்துவிட்டு அங்கிருந்து பாருங்கள். முன்னால் ஒரு நிமிஷத்து வீடியோ சேர்ந்திருக்கும், சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் படம் நிற்காது. ட்விட்ச் என்ற கேம் லைவ் தளத்தில் செட்டிங்ஸில் 'லோ லேட்டன்சி'யை அணைத்தால் ஓரளவு இதே பலன், சில நொடிகள்தான் பின்னால் போகும். இரண்டிலும் பக்கத்தில் ஓடும் சாட் பெட்டியை மூடிவிடுங்கள். நீங்கள் பின்னால் இருக்கிறீர்கள், அங்கே எழுதுகிறவர்கள் முடிவைச் சொல்லிவிடுவார்கள்.

கரண்ட்

கூடலூரில் ஜூன், ஜூலை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர். மரம் விழுந்து லைன் போகும் மாதங்கள் இவை. ரவுட்டருக்கு என்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் மூன்று மணி நேரம் ஓடும். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரின் அடியில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், பெரும்பாலும் 12. ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. குறைந்தால் ரவுட்டர் அணைந்து அணைந்து எரியும்.

நிறையப் பேர் தவறுவது இங்கேதான். ஃபைபர் இணைப்பில் சில வீடுகளில் இரண்டு பெட்டிகள் இருக்கும்: ஃபைபர் வந்து சேரும் பெட்டி ஒன்று, வைஃபை தரும் பெட்டி ஒன்று. வைஃபை பெட்டிக்கு மட்டும் யுபிஎஸ் போட்டால் சிக்னல் பட்டை முழுதாகக் காட்டும், நெட் மட்டும் இருக்காது. இரண்டுக்கும் கொடுங்கள். இடி இடிக்கும்போது எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்றாலும் பிளக் வழியாக வந்து பெட்டியை எரித்துவிடும்.

இரவு நெடுநேரம் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: ஜன்னலைச் சாத்திய அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர் காயாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கம்பளி போதும்.

தலை சுற்றினால்

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநருக்கு வாந்தி வருவதில்லை, பின்னால் இருப்பவருக்கு வருகிறது. வளைவு எப்போது வரும் என்று ஓட்டுநரின் கைக்கு முன்பே தெரியும், பயணிக்குத் தெரியாது. கேமிலும் இதேதான். பார்வையைத் திருப்பப் போவது ஆடுகிறவருக்கு முன்பே தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதனால்தான், குறிப்பாக ஆடுகிறவரின் கண் வழியாகவே எல்லாம் தெரியும் ஃபர்ஸ்ட் பர்சன் கேம்களில், பார்ப்பவருக்குக் குமட்டுகிறது.

அறை விளக்கைப் போட்டுவிடுங்கள். திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள், திரையைச் சுற்றிச் சுவரும் கண்ணில் பட வேண்டும். முழுத் திரை வேண்டாம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்து மலையைப் பாருங்கள். அப்படியும் ஆகவில்லை என்றால், பக்கவாட்டில் நகரும் மாரியோ மாதிரி கேம்களுக்கோ, மேலிருந்து பார்க்கும் கேம்களுக்கோ மாறுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தால் பழகிவிடும் என்பார்கள். பலருக்குப் பழகுவதில்லை, அந்த கேமின் பெயரைக் கேட்டாலே குமட்டுவதுதான் மிச்சம்.

போட்டிகள்: பாயின்ட்டும் பணமும்

பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற துப்பாக்கிச் சண்டை மொபைல் கேம்) போட்டியில் 16 அணி, அணிக்கு நான்கு பேர். கடைசிவரை நின்றவர்களுக்கு 10 பாயின்ட்; அடுத்தடுத்த இடங்களுக்கு 6, 5, 4, 3, 2, 1, 1; அதற்குக் கீழே பூஜ்ஜியம். வீழ்த்தும் ஒவ்வொருவருக்கும் 1. ஒரு நோட்டில் நீங்களே கணக்கு போடுங்கள். ஐந்தாவதாக வந்து 9 பேரை வீழ்த்திய அணிக்கு 12. இரண்டாவதாக வந்து 3 பேரை வீழ்த்திய அணிக்கு 9. இது மனதில் ஏறிய பிறகுதான், ஏன் ஒரு அணி வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு நேரத்தைத் தள்ளுகிறது, ஏன் இன்னொன்று வலியப் போய்ச் சண்டை இழுக்கிறது என்பது புரியும்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஐந்துக்கு ஐந்து பேர். முதலில் 13 ரவுண்ட் ஜெயிக்கும் அணிக்கு அந்த மேப், அதாவது அந்தக் களத்தில் நடக்கும் ஆட்டம். சுடுவதைப் பார்க்காதீர்கள், ஆயுதம் வாங்க கேமுக்குள் கிடைக்கும் பணத்தைப் பாருங்கள். முதல் ரவுண்டில் ஆளுக்கு 800 டாலர், கைத்துப்பாக்கிக்குத்தான் காணும். ஏகே-47 விலை 2,700, தலைக்கவசத்தோடு கவச உடை 1,000, தொலைநோக்கி வைத்த ஏடபிள்யூபி 4,750. தோற்கும் அணிக்கும் ரவுண்டுக்கு ஆளுக்கு 1,400-லிருந்து 3,400 வரை, தொடர்ந்து தோற்கத் தோற்க ஏறிக்கொண்டே போகும். கையில் 2,000 இருக்கிறது என்றால் ஒரு நல்ல அணி அந்த ரவுண்டை விட்டுக்கொடுத்து, எதுவும் வாங்காமல், அடுத்த ரவுண்டில் ஐந்து பேரும் முழு ஆயுதத்தோடு வரும். இரண்டு பேர் மட்டும் மிஞ்சிய அணி சண்டைக்கு வராமல் ஓடி ஒளிந்தால் அது பயமில்லை, அடுத்த ரவுண்டுக்குத் துப்பாக்கியைக் காப்பாற்றுகிறார்கள். ரவுண்ட் தொடங்கும் முன் திரையில் இரு அணியின் பணமும் வரும். யார் வாங்குவார், யார் வாங்க மாட்டார் என்று ஊகித்துவிட்டுப் பாருங்கள். பத்து மேட்சில் கை வந்துவிடும்.

நேரக் கணக்கு: அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 என்றால் அவர்களின் கோடையில் நமக்கு இரவு 10:30, குளிர்காலத்தில் 11:30. ஜெர்மனியில் பிற்பகல் 3 என்றால் அவர்களின் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. சியோலில் மாலை 5 என்றால் நமக்குப் பகல் 1:30, வருஷம் முழுக்க.

போட்டி வீடியோக்களுக்கு நடுவே, பணம் கட்டி ஆடு என்று எந்தச் செயலியாவது அழைத்தால் உள்ளே போகாதீர்கள். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. இ-ஸ்போர்ட்ஸை, அதாவது மேலே சொன்ன மாதிரி கேம் போட்டிகளை, தனியாக அங்கீகரிக்கிறது. இரண்டும் வேறு வேறு.

ஸ்பீட்ரன்

ஒரு கேமை எவ்வளவு குறைந்த நேரத்தில் முடிக்கலாம் என்பதற்கான ஓட்டம் இது. ஆடாத ரசிகருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 'கேம்ஸ் டன் குயிக்' நிகழ்ச்சி ஜனவரியிலும் அமெரிக்கக் கோடையிலும் ஒரு வாரம் நடக்கிறது, நன்கொடை திரட்டுவதற்காக. ஆடுகிறவரும் பக்கத்தில் இருப்பவர்களும் ஒவ்வொரு வித்தையையும் விளக்கிக்கொண்டே போவார்கள்.

1985-ன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'ஸில் தொடங்குங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு கட்டம் முடிந்ததும் அடுத்தது உடனே வராது. 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான், அதாவது சுமார் 0.35 நொடிக்கு ஒருமுறைதான், கேம் கதவைத் திறக்கும். ரசிகர்கள் இதை பஸ்ஸுக்கு ஒப்பிடுவார்கள். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் ஒரு நிமிஷம் முன்னால் ஓடி வந்தாலும் பஸ் அதன் நேரத்துக்குத்தான் எடுக்கும். முந்தின பஸ்ஸையே பிடிக்கிற அளவுக்கு வேகமாக வந்தால்தான் லாபம். ஆகவே ஆடுகிறவர் ஒரு இடத்தில் சின்னதாகத் தடுமாறியும் முகம் மாறாமல் இருந்தால், அந்தத் தடுமாற்றம் அதே பஸ்ஸுக்குள் அடங்கிவிட்டது என்று பொருள். கடைசிக் கட்டமான 8-4-ல் பஸ் கிடையாது, அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் கணக்கு. அவர் கை நடுங்குவதும் அங்கேதான்.

இசை

சிக்னலே இழுக்காத இடத்தில் இருப்பவர்கள் இசையில் தொடங்கலாம். ஒரு மணி நேரம் கேட்க 60 எம்பி போதும். 'சிவிலைசேஷன் 4'-க்காக கிறிஸ்டோபர் டின் அமைத்த 'பாபா யெட்டு' 2011-ல் கிராமி வாங்கியது. கேம் இசைக்குக் கிடைத்த முதல் கிராமி அது. பழைய மாரியோ இசையை ஹெட்போனில் கேளுங்கள். அந்த கேம் ஓடிய பழைய கேம் கருவியில் இருந்தது ஐந்தே ஒலித்தடங்கள். அடியில் ஓடும் கனத்த ஒலியை மட்டும் ஒருமுறை பின்தொடருங்கள், அடுத்த முறை மேலே ஓடும் மெட்டை.

எது உங்களுக்குத் தெரியாது

தம்பியோ அக்காவோ ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்தால், நோட்டும் பேனாவும் உங்கள் பொறுப்பு: பூட்டிய கதவு எங்கே, எந்த ஆள் என்ன கேட்டார், எந்தப் பாதை பார்க்கவில்லை. கேட்காமல் விடையைச் சொல்லாதீர்கள். "சொல்லட்டுமா?" என்று ஒருமுறை கேளுங்கள், வேண்டாம் என்றால் வாயைத் திறக்காதீர்கள்.

கை உணர்வு மட்டும் பார்ப்பவருக்கு வராது. 'கன்ட்ரோல் சரியில்லை' என்று ஆடாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது, ஆடியவரிடம் கேளுங்கள். ஆனால் அந்த உணர்வு எதனால் வருகிறது என்பதைக் கண்ணால் பிடித்துவிடலாம். 2018-ன் 'செலஸ்ட்' கேமை 60 ஃபிரேம் வீடியோவாக, கம்ப்யூட்டரில், யூடியூபில் திறங்கள். விளிம்பிலிருந்து தாவும் இடத்தில் நிறுத்துங்கள். கீபோர்டில் புள்ளிக் குறி ஒரு ஃபிரேம் முன்னால் போகும், காற்புள்ளி ஒரு ஃபிரேம் பின்னால். அழுத்தி அழுத்திப் பாருங்கள். சில தாவல்களில் கால் விளிம்பைத் தாண்டிக் காற்றில் இருக்கும், அதற்குப் பிறகுதான் தாவல் தொடங்கும். தரையை விட்ட பின்னும் 0.1 நொடி வரை கேம் தாவ அனுமதிக்கிறது. 60 ஃபிரேம் வீடியோவில் இது ஆறு ஃபிரேம், 30-ல் மூன்றே. இதற்கு 'கொயோட்டி டைம்' என்று பெயர். ஆடுகிறவருக்கு "சரியான நேரத்தில் அழுத்தினேன்" என்றுதான் தோன்றும். கேம் அவருக்காகக் காத்திருந்தது பக்கத்தில் உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திய உங்களுக்குத்தான் தெரியும்.