பிள்ளைக்குக் கொடுங்கள், அலுமாரிக்கு வேண்டாம்

தை பிறந்து பாடசாலை தொடங்கினால் யாராவது கேட்பார்கள்: "படுவான்கரைப் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் குடுக்கப்போறம், எப்பிடிச் செய்யலாம்?" மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள ஊர்களைத்தான் படுவான்கரை என்கிறோம். நல்ல மனம்தான். ஆனால் முன்பு போனவர்கள் விட்ட பிழைகளையே இவர்களும் விடுகிறார்கள். கிழிந்ததைக் கொடுக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

பாடசாலையிடம் கையளித்துவிட்டு வருவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கே வாவியைப் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்தான் கடக்க வேண்டியிருந்தது. இப்போது வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய், அதிபரிடம் கொடுத்து, படம் பிடித்து, மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். அப்புறம் என்ன நடக்கும்? புத்தகத்தில் பாடசாலை சீல் விழும், பதிவேட்டில் ஏறும். கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தாலும் பொறுப்பான ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் பூட்டாமல் என்ன செய்வார்?

கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே ஒரு பாடசாலையில் பார்த்தேன். கண்ணாடி அலுமாரிக்குள் பொலித்தீன் உறை கழற்றாத புத்தகங்கள். திறப்பு வைத்திருந்த ஆசிரியர் இடமாற்றத்தில் போய்விட்டார். தரம் நான்கில் படிக்கும் பிள்ளை ஒன்று அந்தப் புத்தகங்களின் பெயர்களைப் பார்க்காமலே வரிசையாகச் சொன்னது. கண்ணாடி வழியே வாசித்துப் பாடமாக்கியிருந்தது! ஒன்றைக்கூட கையில் தொட்டதில்லை.

பாடநூலை 1980இலிருந்து அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. பல வீடுகளில் இல்லாதது பிள்ளைக்கே சொந்தமான ஒரு கதைப்புத்தகம். ஆகவே நேரே பிள்ளையின் கையில் கொடுங்கள். இது பாடசாலைக்கான அன்பளிப்பு அல்ல என்று அதிபருக்கு முன்கூட்டியே மரியாதையாகக் கடிதம் எழுதுங்கள். நூலகத்துக்கும் கேட்டால் தனிப் பொதியாகக் கொடுக்கலாம். முதல் பக்கத்தில் பிள்ளையே தன் பெயரை எழுதட்டும். தாய்மாரைக் கூப்பிட்டு, "கிழிஞ்சாலும் தம்பி கிறுக்கினாலும் ஒருத்தரும் கேக்கமாட்டம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று நினைத்து அந்த அம்மா பெட்டிக்குள் வைத்துவிடுவார். அலுமாரி வீட்டுக்கு மாறியதுதான் மிச்சம்.

வயது பார்த்து நாமே பிரித்துக் கொடுப்பது

பாயை விரித்துப் பரப்பி வையுங்கள், பிள்ளைகள் எடுக்கட்டும். தரம் ஐந்துப் பிள்ளை சின்னப் படக்கதையை எடுத்தால் சரி, விடுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுபோங்கள். கடைசியாக வரும் பிள்ளைக்கும் தெரிவு வேண்டும்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை வழிகாட்டிகள்

வேண்டாம். அது டியூஷன்காரர் பாடு.

பெனரும் பிரதம விருந்தினரும்

இவையும் வேண்டாம். வாங்கும் பிள்ளையின் முகத்தைப் பேஸ்புக்கில் போடாதீர்கள்.

மாரியில் போவது

கார்த்திகை, மார்கழியில் உன்னிச்சைக் குளத்து வான்கதவைத் திறந்தால் தாழ்ந்த வீதிகளுக்கு மேலால் தண்ணீர் ஓடும். வைகாசி, ஆனி நல்லது. எப்போது போனாலும் ஆளுக்கொரு தடித்த பொலித்தீன் பையும் கொடுங்கள். வெள்ளம் வந்து வீட்டை விட்டுக் கிளம்பும்போது பிள்ளை புத்தகத்தை அதில் போட்டுக்கொண்டு போகும்.