பையும் ‘பேக்’, முதுகும் ‘பேக்’: ஆங்கில வகுப்பில் நாம் செய்யும் தவறுகள்

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். டிக்டேஷனில் பையைக் குறிக்கும் ‘பேக்’ என்று சொன்னால், முதுகைக் குறிக்கும் ‘பேக்’கை எழுதிவைப்பான். வழக்கம்போல ஐம்பது முறை இம்போசிஷன் கொடுத்தேன். ஐம்பதையும் சரியாகவே எழுதி வந்தான். அடுத்த வாரம் மறுபடியும் முதுகு.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தப்பு அவன் கையில் இல்லை, காதில். ‘கடல்’, ‘தங்கம்’ இரண்டிலும் வருவது ஒரே ககர வரிசைதான்; ஒலி வேறு. எழுத்து ஒன்றாகவே இருப்பதால் அந்த வேறுபாட்டை நாம் கவனிக்கப் பழகவில்லை. ஆங்கிலத்திலோ அது பொருளையே மாற்றிவிடும். பன்றி, பெரியது, பொறுக்கி எடுப்பது மூன்றையும் தமிழில் எழுதினால் ‘பிக்’தான். இதற்கு இம்போசிஷன் எதற்கு? இரண்டு ‘பேக்’கையும் மாற்றி மாற்றிச் சொல்லி, பை என்றால் கை தூக்கச் சொல்லுங்கள். பையைச் சொல்லும்போது நடுவில் உள்ள உயிரொலி கொஞ்சம் நீளும். அதைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்குப் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, “ஆங்கில ஸ்பெல்லிங்குக்குக் காரணமே கிடையாது, மனப்பாடம் பண்ணு” என்பது. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைச் சமாளிக்கும் மொழி அது, குழப்பம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பல குழப்பங்களுக்குக் கதை உண்டு. ‘நைஃப்’ என்ற சொல்லின் முதலில் நிற்கும் ‘கே’ ஒரு காலத்தில் உண்மையிலேயே உச்சரிக்கப்பட்டது. 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது, நாக்கு மட்டும் மாறிக்கொண்டே போனது. கடன் என்ற பொருளில் வரும் ‘டெட்’டில் ஒலிக்காத ‘பி’ எதற்கு? லத்தீன் மூலமான ‘டெபிட்டம்’ நினைவில் இருக்கட்டும் என்று படித்தவர்கள் செருகியது. டெபிட் கார்டு என்று சொல்லிப் பாருங்கள், அந்த ‘பி’யைப் பையன் மறக்கமாட்டான். இரண்டைக் குறிக்கும் ‘டூ’வில் ஒளிந்திருக்கும் ‘டபிள்யூ’ ‘ட்வின்’, ‘ட்வைஸ்’ இரண்டிலும் வாய்விட்டுப் பேசும்.

வாசிப்பில் பெரிய தவறு ஒன்றுதான்: ஒரு வரி வாசித்ததும் ஆசிரியரே தமிழில் சொல்லிவிடுவது. பிள்ளைகள் புத்தகத்தைவிட்டு நம் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு பத்தியை அவர்களே மௌனமாகப் படிக்கட்டும். தெரியாத சொல்லை முதலில் ஊகிக்கட்டும். அகராதி எங்கேயும் ஓடிப்போகாது.

இலக்கியப் பகுதிக்கு வந்தால், “‘லைக்’ வந்தால் சிமிலி, அதாவது உவமை” என்று சூத்திரம் சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு மாம்பழம் பிடிக்கும் என்ற ஆங்கில வாக்கியத்திலும் ‘லைக்’ இருக்கிறதே! அதையும் சிமிலி என்று எழுதிய விடைத்தாளைத் திருத்தியிருக்கிறேன். தமிழ் வகுப்பில் படித்த உவமையையும் உருவகத்தையும் இங்கே கொண்டுவந்தால் போதும், சூத்திரமே தேவையில்லை. ஆனால் இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ரைம் என்பதை எதுகை என்று சொல்லிவிடுகிறோம். எதுகை இரண்டாம் எழுத்தில் வருவது. வரிக்கடைசியில் ஒத்துவரும் ரைமுக்கு நெருங்கிய உறவு இயைபு. சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கும் அலிட்டரேஷன் மோனைக்கு உறவு, ஆனால் கண்ணால் பார்த்து எழுதக்கூடாது. ‘நைஃப்’, ‘கிங்’ இரண்டும் ‘கே’யில் தொடங்கினாலும் மோனை இல்லை, ‘ஃபோன்’, ‘ஃபிஷ்’ எழுத்தில் வேறானாலும் மோனைதான்.

அணியின் பெயரை எழுதியதோடு நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றையும்விட மோசம். மதிப்பெண் கிடைத்துவிடும், சரி. கவிதை கிடைக்காது. ஒருமுறை ‘ஆறு பாம்பைப் போல வளைந்து போனது’ என்று நானே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிப்போட்டேன். எல்லோரும் ‘சிமிலி’ என்றார்கள். “கயிறும்தானே வளையும், ஏன் பாம்பு?” என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. கடைசி பெஞ்சிலிருந்து நம் ‘பேக்’ பையன் எழுந்தான்: “கயிறு தானா நகராது சார். அதைப் பார்த்துப் பயமும் வராது. அந்த ஊருக்கு வெள்ளம் வரப்போகுது போல.”