போர்ஷே 911க்குக் குளிர்கால டயர் மாற்றப் போகிறீர்களா?
வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனாலே கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறையும். அதனால்தான் ஜெர்மனியில் அக்டோபரிலேயே மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள்.

இப்போதைய பெரும்பாலான போர்ஷே 911களில் சக்கரத்தைத் தொங்கவிட ஸ்டட் (வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிலையான திருகுக் கம்பி) கிடையாது, போல்ட்தான். கனமான சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே துளையைத் தேடினால் இடுப்பு போய்விடும். செராமிக் பிரேக் டிஸ்க் என்றால், இடித்து விளிம்பு பெயர்ந்து பர்ஸும் காலி! மேல் துளையில் வழிகாட்டிக் கம்பி ஒன்றைத் திருகி, சக்கரத்தை அதில் செருகுங்கள். அப்புறம் மற்ற போல்ட்களைக் கையால் திருகியபின் கம்பியைக் கழற்றி, அங்கேயும் போல்ட் போடுங்கள். காரை இறக்கி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்சத்திர வரிசையில் முறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள்.

கழற்றிய சக்கரங்களில் எது எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் எழுதிவையுங்கள்.