இறக்கத்துக்குப் பார்த்து வாங்குங்கள் கன்வெர்ட்டரை

போன மாதம் கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி தன் பிஎம்டபிள்யூ 328ஐ வண்டியைக் குன்னூரில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தியைக் கூட்டும் ரீமேப் முடிந்திருந்தது. இன்டர்கூலர், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றியாயிற்று. பாக்கி, ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உட்காரும் டார்க் கன்வெர்ட்டர் மட்டும்தான்.

"அண்ணா, மூவாயிரத்து இருநூறு ஸ்டால் போட்டா வண்டி பறக்குமாமே?"

"பறக்கும் தம்பி. மேட்டுப்பாளையம் போய்ச் சேர்றப்ப பிரேக் இருக்காது."

ஸ்டால் என்றால் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது எனக்கே நடந்த கதை. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வைத்த ஒரு பழைய பெட்ரோல் செடானில் டர்போ ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்த காலம். டிராக் ரேஸ் ஓட்டும் ஒருவரிடமிருந்து கழற்றிய 3,200 ஸ்டால் கன்வெர்ட்டர் சல்லிசாகக் கிடைத்தது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராக இறுக்கிப் பிடிக்கும் லாக்-அப் கிளட்ச்சே இல்லாத சரக்கு. மாட்டிய அன்று சிக்னலில் கிளம்பியபோது உலகமே பின்னால் போனது. ஞாயிற்றுக்கிழமை குன்னூரிலிருந்து இறங்கினேன். இரண்டாம் கியரில் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜின் பிடிக்கவே இல்லை, வண்டி தன் போக்கில் உருண்டது. வழியிலிருந்த கொண்டை ஊசிகளையெல்லாம் பிரேக்கிலேயே இறங்கி, பர்லியாரில் மங்குஸ்தான் விற்கிறவர் பக்கத்தில் நிறுத்தினேன். முன் சக்கரத்திலிருந்து புகை. "என்னங்க, ஏதோ தீயுற வாசம் வருது" என்றார் அவர். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பழம் சாப்பிட்டேன், வேறு வழியில்லை.

அதனால் மலையில் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு நான் முதலில் பார்ப்பது இறக்கத்தை. ஏற்றத்தில் எப்படிப் பாயும் என்பதெல்லாம் அப்புறம்.

கன்வெர்ட்டருக்குள் மூன்று சக்கரம். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது. கியர்பாக்ஸோடு சேர்ந்த டர்பைன் அதை வாங்கிச் சுற்றுகிறது. நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் திரும்பி வரும் ஆயிலின் திசையை மாற்றி மறுபடி இம்பெல்லருக்கே உதவியாக அனுப்புகிறது. வண்டி நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போது இன்ஜினின் டார்க் ஏறக்குறைய இரண்டு மடங்காக டர்பைனுக்குக் கிடைப்பது இந்த ஸ்டேட்டரால்தான். டர்பைன் வேகம் இம்பெல்லர் வேகத்தை நெருங்க நெருங்க அந்தப் பெருக்கம் தேய்ந்து ஒன்றுக்கு ஒன்று ஆகிவிடும். இறக்கத்தில் எல்லாம் தலைகீழ்: டர்பைன் இம்பெல்லரைத் தள்ள வேண்டும். துடுப்புகளின் வளைவு அந்த வேலைக்கு அமைந்ததல்ல. கன்வெர்ட்டர் எவ்வளவு தளர்வோ, அதாவது ஸ்டால் எவ்வளவு உயர்வோ, அவ்வளவு வழுக்கும். இரண்டையும் இறுக்கிக் கட்ட லாக்-அப் கிளட்ச் இருந்தால் மட்டுமே இன்ஜின் பிரேக் முழுசாகக் கிடைக்கும்.

ஸ்டால் என்பதைப் பலரும் அந்த உருண்டைமேல் பொறித்த எண் என்று நினைக்கிறார்கள். சக்கரம் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் எந்த ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) மேல் ஏற முடியாமல் திணறி நிற்கிறதோ, அதுதான் ஸ்டால். ஆக, அது கன்வெர்ட்டரும் இன்ஜினும் சேர்ந்து போடும் கணக்கு. ஒரே கன்வெர்ட்டரைப் பலமான இன்ஜினில் மாட்டினால் ஸ்டால் ஏறும், சோப்ளாங்கி இன்ஜினில் இறங்கும். டார்க்கின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது நகரும் என்று வைத்துக்கொள்ளலாம். 328ஐ வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது அதன் டார்க் 350 நியூட்டன் மீட்டர். ரீமேப்பில் 450 ஆனது என்றால் ஸ்டால் தானாகவே 13 சதவீதம் ஏறிவிடும். 2,200-ல் நின்றது 2,500-ஐ எட்டும். காசு செலவில்லாமல் கிடைத்த ஸ்டால் அது. பல பேர் அதைக் கணக்கில் எடுக்காமல் அதன்மேல் இன்னும் ஆயிரம் கேட்கிறார்கள்.

இந்தக் கணக்கில் மலையும் ஒரு ஆள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். டர்போ இல்லாத இன்ஜின் ஐந்தில் ஒரு பங்கு டார்க்கை அங்கேயே தொலைக்கும். கோவையில் 2,400 காட்டிய அதே வண்டி ஊட்டியில் 2,150 காட்டும். கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று பயந்து ஓடிவந்தவர்கள் உண்டு. டர்போ வண்டி இந்த இழப்பை ஈடுகட்டிவிடும், ஆனால் பூஸ்ட், அதாவது டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் அழுத்தம், வந்த பிறகுதான். மெல்லிய காற்றில் டர்போ விழித்துக்கொள்ள இன்னும் கொஞ்சம் ஆர்பிஎம் கேட்கும். கொண்டை ஊசியில் திரும்பி முடித்து மிதித்தால் ஒரு நொடி செத்த மாதிரி நிற்கிறதே, அது இதுதான். இதைச் சரிசெய்ய ஸ்டால் கொஞ்சம் உயர்ந்தால் நல்லதுதான். கொஞ்சம் என்றால் பூஸ்ட் தொடங்கும் ஆர்பிஎம்மைத் தொடும் அளவுக்கு. அதற்குமேல் போனால் வெறும் சூடு.

எவ்வளவு சூடு என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டாலில் நிற்கும் வண்டி நகர்வதில்லை, அதனால் இன்ஜின் தரும் சக்தி முழுவதும் ஆயிலில் சூடாக இறங்குகிறது. 2,200 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர் என்றால் 46 கிலோவாட். குன்னூர்க் குளிரில் நாம் குளிக்கப் போடும் 2 கிலோவாட் கீசர் 23-ஐ அந்தச் சின்ன உருண்டைக்குள் சேர்த்துப் போட்ட மாதிரி. கோடை சீசனில் டூரிஸ்ட் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது, ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து போவதும் இதற்குப் பங்காளிதான். கியர் ஆயில் 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 120-ஐத் தாண்டினால் ஆயிலும் சீலும் வேகமாகக் கெடும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் வண்டியைக் கவனியுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் சொருகி நான்கு விஷயங்களைப் பதிவு செய்யுங்கள்: இன்ஜின் ஆர்பிஎம், கியர்பாக்ஸ் இன்புட் ஆர்பிஎம், ஆயில் சூடு, எந்த கியர். முதல் இரண்டின் வித்தியாசம்தான் வழுக்கல். லாக்-அப் பிடித்திருக்கும்போது அது சில பத்துகளுக்குள் இருக்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் அது நூறு இருநூறு என்று எகிறினால் உங்களுக்கு வேண்டியது வேறு ஸ்டால் அல்ல, பலமான லாக்-அப். தம்பியின் வண்டியை எடுத்துக்கொண்டு லவ்டேல் பக்கம் ஏறினேன். மூன்றாம் கியரில் அழுத்தியதும் வித்தியாசம் 180. கூடவே ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம், கூழாங்கல் பாவிய ரோட்டில் போவதுபோல. அது 8எச்பி45 என்ற கியர்பாக்ஸ், எங்கள் பேச்சில் பெட்டி. பெட்ரோலுக்கு அதன் வரம்பே 450 நியூட்டன் மீட்டர்தான். ரீமேப் அதை விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

ஸ்டாலை அளக்கும் பழைய முறையும் உண்டு: பெட்டி சூடான பிறகு சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, பிரேக்கை அழுத்தி, டி-யில் போட்டு முழுக்க மிதிப்பது. ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். பிறகு நியூட்ரலில் இரண்டு நிமிஷம் ஆற விடுங்கள். எதிரே ஆள் நிற்கக் கூடாது. புது வண்டிகளில் கம்ப்யூட்டரே இன்ஜினை அடக்கிவிடுவதால் வரும் எண்ணை நம்ப முடியாது. அதற்கெல்லாம் ஸ்கேனர்தான்.

சரி, என்ன வாங்குவது? தினமும் ஓட்டும் டர்போ வண்டிக்கு என் பதில் பெரும்பாலும் சலிப்பூட்டும்: கம்பெனி ஸ்டாலையே வைத்துக்கொண்டு, உள்ளே லாக்-அப் லைனிங்கை உயர்தரமானதாக மாற்றுங்கள். டார்க் மிக அதிகம் என்றால் பல தட்டு லாக்-அப். பெரிய டர்போ போட்டு பூஸ்ட் தாமதமாக வந்தால் மட்டும் 300, 400 ஆர்பிஎம் ஏற்றுங்கள். லாக்-அப் இல்லாத கன்வெர்ட்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். இன்னொன்று, ஒரே குடும்பத்துப் பெட்டியில் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் வேறு வேறு கன்வெர்ட்டர் வரும். டீசல் குறைந்த ஆர்பிஎம்மிலேயே டார்க் தருவதால் அதன் கன்வெர்ட்டர் இறுக்கமாக இருக்கும். ஒரு பட்டறையில் பெட்ரோல் வண்டிக்கு டீசல் கன்வெர்ட்டரை மாட்டி அனுப்பிவிட்டார்கள். நட்டு போல்ட் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதாம். பர்லியார் ஏற்றத்தில் அந்த வண்டி முக்கியதைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். பார்ட் நம்பரை வண்டியின் சேஸிஸ் நம்பரோடு ஒத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கன்வெர்ட்டர் செய்து தருகிறவரிடம் "நல்லதா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் தன்னிடம் இருப்பதைத்தான் தருவார். டைனோ தாள் (இன்ஜினின் டார்க்கை மெஷினில் அளந்து எடுத்த தாள்), ஆள் ஏறிய எடை, டயர் அளவு, ஃபைனல் டிரைவ் விகிதம் எல்லாம் கொடுங்கள். 1,850 மீட்டர் உயரத்தில் குடியிருக்கிறேன், வாரம் இரண்டு முறை சமவெளிக்கு இறங்கி ஏறுகிறேன் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இதையெல்லாம் கேட்காமலே விலை சொல்கிறவரை விட்டுவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். இம்பெல்லர் துடுப்புகளை உலோகம் உருக்கி ஒட்டி பிரேஸ் செய்திருக்கிறார்களா, வெல்டிங்குக்குப் பிறகு கசிவு பார்த்து பேலன்ஸ் செய்தார்களா, ஹப் கால் மில்லிமீட்டருக்கு மேல் ஆடாமல் சுற்றுகிறதா என்று கேளுங்கள்.

தம்பியின் கன்வெர்ட்டரை வெட்டிப் பிரித்தபோது தீய்ந்த பருப்பு வாசம் அடித்தது. லாக்-அப் தட்டின் லைனிங் ஒரு பக்கம் கறுத்து, நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தது. மறுபக்கம் பழுப்பு மாறாமல் இருந்தது. வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது, ஆயிலை ஒரு தடவைகூட மாற்றவில்லை. வாழ்நாள் ஆயில் என்று யாரோ சொன்னார்களாம். பெட்டியைச் செய்யும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

மாட்டும்போது அவசரம் கூடாது. முதலில் கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். படிப்படியாக உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும். முழுசாக உட்காராமல் போல்ட்டை வைத்து இழுத்துப் பிடித்தால் பம்ப் நொறுங்கிவிடும். பெட்டியை இன்ஜினோடு சேர்த்த பிறகு கன்வெர்ட்டர் கையால் தள்ளினால் சுற்ற வேண்டும். இன்ஜின் பக்கம் கன்வெர்ட்டரை மாட்டும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கடைசியில் பெட்டியின் அடாப்டேஷனை, அதாவது அதன் கம்ப்யூட்டர் பழைய பாகங்களுக்கு ஏற்பக் கற்று வைத்திருப்பதை, அழித்து, கம்ப்யூட்டரைப் புதிதாகக் கற்றுக்கொள்ள விடுங்கள். தனியாக ஆயில் கூலர் போட்டால் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள். உறைபனி விழும் ஜனவரிக் காலையில் தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் ஆயிலைச் சூடாகவே விடாது.

தம்பிக்கு ஸ்டாலைத் தொடவில்லை. புது லைனிங், புது ஆயில், ஒரு கூலர், அவ்வளவுதான். அவருக்கு முகம் தொங்கிப்போனது. இருவருமாகக் கோத்தகிரியிலிருந்து அரவேணு வழியாக இறங்கினோம். இரண்டாம் கியரில் அவர் காலை எடுத்ததும் வண்டி இழுத்துப் பிடித்தது. ஸ்கேனரில் வழுக்கல் 10, 15 என்று நின்றது, ஆயில் 88 டிகிரி. குஞ்சப்பனையில் நிறுத்தி இறங்கினார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து கையை நீட்டிப் பார்த்தார்.

"சூடே இல்லண்ணா" என்றார். அப்புறம் பலாச்சுளை வாங்கப் போய்விட்டார்.