எருக்கஞ்செடியில் நஞ்சு கைமாறுவதைப் பார்ப்பது எப்படி

பூச்சி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது எருக்கஞ்செடியைத்தான். ஆடுமாடு வாய்வைக்கத் தயங்கும் அந்தச் செடியைத் தின்று, அதன் நஞ்சையே தனக்குக் காவலாக்கிக்கொள்ளும் பூச்சிகள் அங்கேயே குடியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பழுதாகும். வலி இல்லாமலே பார்வை மங்குவதும் உண்டு. இலையைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவும்வரை முகத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இலைகளைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளும் முதுகில் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகளும் இருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. வளர்ந்த புழுவாகத் தேடிப் பக்கத்தில் உட்காருங்கள். எடுத்தவுடன் தின்னாது. முதலில் நடுநரம்பைக் கடிக்கும், பால் பொங்கி வழியும். அப்புறம் வெட்டுக்கு அப்பால், பால் வராத நுனிப்பக்கமாகப் போய் நிதானமாக மேயும். பிசினாக ஒட்டி வாயை அடைக்கும் பாலுக்குத்தான் இந்த ஏற்பாடு. நஞ்சு அதன்பிறகும் இலையில் இருக்கிறது; அது தீனியோடு உள்ளே போகிறது.

இதயத்தைத் தாக்கும் இந்த நஞ்சு, செல்களுக்கு உள்ளேயும் வெளியேயும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி அனுப்பும் புரதப் பம்பை நிறுத்திவிடும். வெந்தய வரியனின் உறவான மோனார்க் பட்டாம்பூச்சியில் அந்தப் பம்புப் புரதத்தின் 122-ஆம் இடத்து அமினோ அமிலமே மாறியிருக்கிறது. நஞ்சுக்கு அங்கே சரியான பிடி கிடைப்பதில்லை. புழு சேர்த்தது சிறகு முளைத்த பிறகும் உடம்பில் தங்கும். 1960களில் லிங்கன் பிரோவர் என்ற அமெரிக்க ஆய்வாளர், நஞ்சுள்ள செடியில் வளர்ந்த மோனார்க்குகளை நீல ஜே பறவைகளுக்குக் கொடுத்தார். தின்றவை வாந்தியெடுத்தன, அப்புறம் பார்த்ததுமே ஒதுக்கின. முட்டைக்கோஸில் வளர்த்த மோனார்க்கைத் தின்ற பறவைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதே செடியில் மஞ்சளும் நீலமுமாக வண்ண வெட்டுக்கிளி இருக்கும். பாதி வளர்ந்த குஞ்சைப் பிடித்தால் சில அங்குலத் தூரத்துக்குத் திரவம் பீய்ச்சும். கையால் பிடிக்க வேண்டாம், முகத்தைத் தள்ளிவைத்துக் குச்சியால் தொட்டால் போதும்.

பளிச்சென்ற நிறத்தையோ நாற்றத்தையோ கண்டவுடன் செடியிலிருந்து வாங்கிய நஞ்சு என்று முடிவுகட்டாதீர்கள். எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுவைச் சீண்டினால் தலைக்குப் பின்னால் கவைக்கொம்பு நீட்டி நாறும். முற்றிய புழுவில் அந்த நாற்றத்துக்குக் காரணமான அமிலங்களை அதன் உடம்பே தயாரிக்கிறது.

தீனியில்லாமலும் நஞ்சு சேரும். தேள்கொடுக்குச் செடி ஒன்றை வாடவிட்டு வெயிலில் தொங்கவிடுங்கள். வரியன்களில் ஆண்கள் மொய்த்து, உறிஞ்சுகுழலால் அதிலுள்ள ஆல்கலாய்டுகள் என்ற நஞ்சுப் பொருட்களை எடுக்கும். பெண்ணை மயக்கும் மணத்துக்கும் இதுவே மூலப்பொருள்.

புழுவை எடுத்து வளர்த்தால் ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். மற்றப் பூச்சிகளின் உடலில் ஒட்டுண்ணியாக வளரும் டாக்கினிட் ஈக்களுக்கு இந்த நஞ்சு பெரிய தடையில்லை. அவற்றின் புழுக்கள் உள்ளிருந்தே தின்று வெளியேறும். பட்டாம்பூச்சிக்குப் பதில் டப்பாவில் சின்னச் சின்னப் பழுப்புக் கூடுகள் கிடந்தால், வளர்ப்பில் குறை தேடாமல் அதையும் தேதியோடு எழுதிவையுங்கள்.