ஃப்ரீபிஎஸ்டியில் எதை இறக்குவது, எதைக் கம்பைல் செய்வது

என் லேப்டாப்பில் ராம் 4 ஜிபிதான். அதில் யுனிக்ஸ் வகை இலவச இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியைப் போட்ட புதிதில், எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்தே, அதாவது மூல நிரலைக் கம்பைல் செய்தே கட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. ஃபயர்பாக்ஸில் ஆரம்பித்தேன். அது முதலில் ரஸ்ட் மொழியின் கம்பைலர் வேண்டும் என்றது, அப்புறம் எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பு வேண்டும் என்றது. “லேப்டாப் ஓடுதா, மிக்ஸி ஓடுதா?” என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். காலையில் எழுந்து பார்த்தால், மெமரி போதாமல் பாதியிலேயே நின்றிருந்தது. அதே ஃபயர்பாக்ஸ், தயார் நிரல்களை இறக்கித் தரும் ‘பிகேஜி’ கட்டளை வழியாகச் சில நிமிடங்களில் வந்து உட்கார்ந்தது.

எனவே முதலில் எப்போதும் பேக்கேஜ், அதாவது ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த நிரல். அதுவும் நாம் சோர்ஸிலிருந்து கட்டப் பயன்படுத்தும் அதே போர்ட்ஸ் மரத்திலிருந்து (நிரல்களைக் கட்டும் செய்முறைகளின் தொகுப்பு) ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தின் சர்வர்களில் கம்பைல் செய்யப்பட்டதுதான். நாமே கட்டினால் வேகமாக ஓடும் என்பார்கள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை.

போர்ட்ஸ் பக்கம் போக எனக்கு ஒரே காரணம், வேண்டிய வசதி பேக்கேஜில் இல்லாமல் இருப்பது. ‘பிகேஜி இன்ஃபோ’ கொடுத்தால் எந்த ஆப்ஷன் ஆன், எது ஆஃப் என்று பட்டியல் வரும். உதாரணமாக, ஆடியோ, வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக்கில் எஃப்டிகே-ஏஏசி என்ற ஆடியோ என்கோடர் ஆஃப் என்றுதான் இருக்கும். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வரும் பகுதிகளோடு அதைச் சேர்த்துக் கட்டிய பைனரியைப் பிறருக்கு விநியோகிக்க உரிமம் இடம் தராது. எனவே அது வேண்டுமென்றால் நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கேதான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிகேஜி வழக்கமாகப் போர்ட்ஸின் காலாண்டுக் கிளையிலிருந்து, அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்தெடுக்கும் பதிப்பிலிருந்து கட்டியதை இறக்கும். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் போர்ட்ஸைச் சும்மா க்ளோன் செய்தால் (நகலெடுத்தால்) வருவதோ அதைவிடப் புதிய ‘மெயின்’ கிளை. அதிலிருந்து எஃப்எஃப்எம்பெக்கைக் கட்டிவிட்டு பேக்கேஜாக இறக்கியிருந்த எம்பிவி வீடியோ பிளேயரைத் திறந்தால், எஃப்எஃப்எம்பெக்கின் லைப்ரரியான லிப்ஏவிகோடெக்கைக் காணோம் என்றது. லைப்ரரி இருக்கிறது, ஆனால் அதன் பதிப்பு எண் வேறு. எம்பிவி பழைய எண்ணைத் தேடுகிறது, நான் வைத்திருப்பது புதியது. ஒரு மாலை முழுக்க எம்பிவியைத் திட்டித் தீர்த்த பிறகுதான் தப்பு என்னுடையது என்று புரிந்தது.

ஆகவே முதலில் பிகேஜியின் ரெப்போ முகவரியை (அது பேக்கேஜ்களை இறக்கும் இடம்) பாருங்கள். ‘குவார்டர்லி’ என்று இருந்தால் போர்ட்ஸிலும் அந்தக் காலாண்டின் கிளையையே எடுங்கள். 2025க்யூ2 என்கிற மாதிரி பெயர் இருக்கும். ‘லேட்டஸ்ட்’ என்று இருந்தால் மெயின்.

அப்புறம் போர்ட்ஸ் மரத்தில் மல்டிமீடியாவுக்குள் இருக்கும் எஃப்எஃப்எம்பெக் டைரக்டரிக்குப் போய் ‘மேக் கான்ஃபிக்’. நீலத் திரையில் வேண்டியதற்கு மட்டும் டிக் போடுங்கள். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் தொட்டால் சார்புகள் (அது ஓடத் தேவைப்படும் மற்ற நிரல்கள்) வால் மாதிரி நீளும். அடுத்து ‘மேக் இன்ஸ்டால்-மிஸ்ஸிங்-பேக்கேஜஸ்’. பலருக்கு இது தெரிவதில்லை. குறைகிற சார்புகளை எல்லாம் பேக்கேஜாகவே இறக்கிக் கொடுத்துவிடும். நாம் கம்பைல் செய்ய மிஞ்சுவது அந்த ஒன்று மட்டும். பிறகு வெறும் ‘மேக்’. முடிந்ததும் பழையதை ‘மேக் டீஇன்ஸ்டால்’ செய்துவிட்டு ‘மேக் ரீஇன்ஸ்டால்’, கடைசியில் ‘மேக் க்ளீன்’.

கையோடு ‘பிகேஜி லாக்’ கொடுத்து அதைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ‘பிகேஜி அப்கிரேட்’, ஆப்ஷன் மாறியிருக்கிறது என்று சொல்லி, நீங்கள் கட்டியதை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைக்கப் பார்க்கும். நான் ஒருமுறை படிக்காமலே ‘ஒய்’ தட்டியவன்.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் புதுக் கிளை வரும். அப்போது பூட்டைத் திறந்து, அப்கிரேடை முழுதாக ஓடவிட்டு, போர்ட்ஸையும் புதுக் கிளைக்கு மாற்றி, முக்கிய மாற்றங்களைச் சொல்லும் ‘அப்டேட்டிங்’ கோப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கட்டுவேன். டிக் போட்டதெல்லாம் சேமிப்பில் இருக்கும். புது ஆப்ஷன் ஏதாவது சேர்ந்திருந்தால் மட்டும் நீலத் திரை மறுபடி வரும்.